இந்திய வருமானத்தோடு லிஸ்பனில் குடியேற: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2021-இல் நானும் மனைவியும் திருச்சியிலிருந்து போர்ச்சுகலுக்கு வந்தோம். இப்போது லிஸ்பனுக்கு எதிர்க்கரையில் உள்ள பார்ரெய்ருவில் இருக்கிறோம். அங்கிருந்து படகு ஏறினால் இருபது நிமிடத்தில் லிஸ்பன் மையத்தில் இறங்கிவிடலாம். உறவினர்கள், பழைய அலுவலக நண்பர்கள், அவர்கள் எண் கொடுத்து அனுப்பியவர்கள் என்று வாரம் இரண்டு பேராவது கூப்பிட்டு ஒரே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை இங்கே வைத்திருக்கிறேன். தொகைகள் 2026-ஆம் ஆண்டுக்கானவை.

அங்கே வேலை தேடாமல், இங்கிருந்து வரும் பணத்தை வைத்துக்கொண்டு குடியேற முடியும் என்கிறார்களே, உண்மைதானா?

உண்மைதான். அதற்கு இரண்டு விசாக்கள் இருக்கின்றன. ஓய்வூதியம், வீட்டு வாடகை, வட்டி, ஈவுத்தொகை போல உழைக்காமல் வரும் வருமானம் உள்ளவர்களுக்கு டி7. வெளிநாட்டு நிறுவனத்துக்கோ வாடிக்கையாளர்களுக்கோ இணையம் வழியே வேலை செய்து சம்பாதிப்பவர்களுக்கு டி8. டி8 அறிமுகமானது 2022 அக்டோபர் இறுதியில்தான். அதற்கு முன்பு தொலைவிலிருந்து வேலை செய்தவர்களும் டி7-இல் வந்தார்கள், நானும் அப்படித்தான் வந்தேன். அந்தப் பழைய கதையை நம்பி, சம்பள ரசீதை மட்டும் வைத்துக்கொண்டு இன்று டி7 கேட்காதீர்கள்.

மாதம் எவ்வளவு வருமானம் காட்ட வேண்டும்?

எல்லாக் கணக்கும் போர்ச்சுகலின் குறைந்தபட்ச ஊதியத்தை வைத்துத்தான். 2025-இல் அது மாதம் 870 யூரோ, 2026-இல் 920 யூரோ. டி7 கேட்பவர் இந்த 920-ஐக் காட்ட வேண்டும். கணவன் அல்லது மனைவிக்கு அதில் பாதி, அதாவது 460. ஒவ்வொரு குழந்தைக்கும் 30 சதவீதம், அதாவது 276. டி8 என்றால் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல நான்கு மடங்கு, 3,680 யூரோ. கடைசி மூன்று மாத வருமானத்தின் சராசரியைப் பார்ப்பார்கள்.

இதைத் தவிர, ஓராண்டுக்கான குறைந்தபட்ச ஊதியம் அளவுக்காவது சேமிப்பு இருப்பது நல்லது. ஒருவருக்கு 11,040 யூரோ. அதைப் போர்ச்சுகல் வங்கிக் கணக்கில் காட்டினால் விண்ணப்பத்துக்கு வலு கூடுகிறது.

தம்பி, எனக்கு மாதம் ஒன்றரை லட்சம் வருகிறது. விசாவுக்குப் போதும் என்கிறாய். அப்படியென்றால் வாழவும் போதும்தானே?

போதாது, ஐயா. இந்த ஒன்றைச் சொல்வதற்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதுகிறேன். விசா கேட்கும் தொகை வேறு, லிஸ்பன் கேட்கும் தொகை வேறு. கணவன் மனைவி இருவருக்கும் விசாக் கணக்கு 1,380 யூரோ. லிஸ்பன் நகருக்குள் ஒரு படுக்கையறை வீட்டுக்கு வாடகையே 1,000-லிருந்து 1,400 யூரோ ஆகிறது. எங்கள் செலவைச் சொல்கிறேன்: ஆற்றுக்கு இந்தப் பக்கம் வாடகை 850, மின்சாரம், எரிவாயு, தண்ணீர், இணையம் எல்லாம் சேர்ந்து 160, சாப்பாட்டுக்கு 400. பஸ், மெட்ரோ, ரயில், படகு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மாதச் சீட்டு, ஆளுக்கு 40 யூரோ. மருத்துவக் காப்பீடு, மருந்து, துணிமணி, ஊருக்குப் போகும் விமானச் செலவுக்கு எடுத்து வைப்பது எல்லாம் சேர்த்தால் சிக்கனமாக இருந்தும் 1,900-ஐத் தொட்டுவிடுகிறது.

இதற்கு மேல் பயப்பட வேண்டியது நாணய மாற்று. 2015-இல் ஒரு யூரோ ஏறக்குறைய 70 ரூபாய், 2025 முடியும்போது 100-ஐத் தாண்டிவிட்டது. அன்று 70,000 ரூபாய் ஓய்வூதியம் வாங்கியவருக்கு அது 1,000 யூரோ. அதே 70,000 இன்று 700 யூரோகூட இல்லை. சம்பாதிப்பது ரூபாயில், செலவழிப்பது யூரோவில் என்றால், நீங்கள் ஒன்றும் செய்யாமலேயே உங்கள் வருமானம் ஆண்டுதோறும் தேயும். விசாத் தொகையைப் போல ஒன்றரை மடங்காவது வருமானமும், இரண்டு ஆண்டுச் செலவுக்கான கையிருப்பும் இருந்தால் கிளம்புங்கள். இல்லையென்றால் இன்னும் சில காலம் பொறுத்திருங்கள் என்றுதான் என் சொந்த அண்ணனிடமும் சொன்னேன்.

லிஸ்பன்தான் விலை அதிகம். வேறு ஊரில் இருக்கலாமா?

தாராளமாக இருக்கலாம். விசா நாட்டுக்குத்தான், நகரத்துக்கு இல்லை. அமடோரா, ஒதிவேலஷ், அல்மாடா, பார்ரெய்ரு, செத்தூபால் ஆகியவை லிஸ்பனைச் சுற்றி உள்ளவை. முன்பு சொன்ன 40 யூரோ சீட்டு இவை எல்லாவற்றுக்கும் செல்லும். வாடகை இன்னும் குறைய வேண்டுமென்றால், கடற்கரையிலிருந்து தள்ளி நாட்டின் உட்பகுதியில் உள்ள கஷ்தெலு பிராங்கு போன்ற ஊர்கள். ஆனால் அங்கே போர்ச்சுகீசியம் தெரியாமல் ஒரு நாளும் நகராது.

அங்கே வீடு வாங்கினால் விசா தருவார்களாமே?

முன்பு தந்தார்கள். 2023 அக்டோபரோடு வீடு வாங்கிப் பெறும் வழி மூடப்பட்டுவிட்டது. இன்னும் அதைச் சொல்லி முன்பணம் கேட்கும் தரகரிடம் பேச்சே வேண்டாம்.

எனக்கு மூன்று வீட்டு வாடகை வருகிறது. ஆனால் கையில் பணமாக வாங்குகிறேன், ஒப்பந்தமும் கிடையாது. அதைக் காட்டலாமா?

அந்தப் பணம் தூதரகத்தின் கண்ணுக்குத் தெரியாது. வாடகை ஒப்பந்தம், மாதாமாதம் வங்கியில் விழுந்த பதிவு, வருமான வரிக் கணக்கில் அதே தொகை, இந்த மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். இன்றே ஒப்பந்தம் போட்டு, வாடகையை வங்கி வழியாக வாங்கத் தொடங்குங்கள். ஓராண்டுப் பதிவு சேர்ந்த பிறகு விண்ணப்பித்தால் போதும். கடைசி வாரத்தில் யாரிடமோ வாங்கிக் கணக்கில் போட்ட ஐந்து லட்சத்தை எந்த அதிகாரியும் நம்பமாட்டார். அதற்கு அவரைக் குறை சொல்லவும் முடியாது.

விசா வருவதற்கு முன்பே அங்கே வீடு பிடிக்க வேண்டுமா? பார்க்காத வீட்டுக்கு எப்படி முன்பணம் கட்டுவது?

தங்குமிடச் சான்று கேட்பார்கள். பொதுவாக ஓராண்டு வாடகை ஒப்பந்தமாக இருந்தால் நல்லது. அதற்கு முதலில் நிஃப் எனப்படும் வரி எண் வேண்டும். இந்தியாவிலிருந்தபடியே ஒரு பிரதிநிதி மூலம் வாங்கலாம். நிஃப் இல்லாமல் வங்கிக் கணக்கோ, வீட்டு ஒப்பந்தமோ, மின் இணைப்போ கிடைக்காது. ஆகவே வரிசை இதுதான்: நிஃப், வங்கி, வீடு, பிறகு விசா.

வீட்டு விளம்பரங்களில் தே-0, தே-1, தே-2 என்று போட்டிருக்கும். எண் படுக்கையறையைக் குறிக்கிறது. தே-0 என்றால் ஒரே அறை. சட்டப்படி முன்கூட்டிய வாடகை இரண்டு மாதம், பிணைத்தொகை இரண்டு மாதம், அதற்கு மேல் கேட்கக் கூடாது. ஆனால் உள்ளூரில் சம்பளமும் ஜாமீன் போட ஆளும் இல்லாத நம்மிடம் ஆறு மாத வாடகை கேட்கும் உரிமையாளர்கள் உண்டு, எங்களிடமும் ஒருவர் கேட்டார். முடிந்தால் சுற்றுலா விசாவில் ஒரு முறை வந்து வீட்டைக் கண்ணால் பாருங்கள். முடியாவிட்டால், இங்கே உள்ள தெரிந்தவர் யாரையாவது அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒப்பந்தம் வரித்துறையில் பதிவாகிறதா என்று கட்டாயம் கேளுங்கள். பதிவாகாத ஒப்பந்தம் பிறகு வதிவிட அட்டைக்கு உதவாது.

என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கிறது. இனிஷியல் மட்டும்தான். பிரச்சினை வருமா?

வரும். தமிழர்களுக்கென்றே உள்ள தொல்லை இது, யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இங்கே ஒவ்வொரு படிவத்திலும் பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். காலியாக விட்டால் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகாது. எனவே ஒருவர் உங்கள் பெயரையே இரண்டு முறை போடுவார், இன்னொருவர் தந்தை பெயரைக் கேட்டுப் போடுவார். ஆறு மாதத்தில் நீங்கள் மூன்று வெவ்வேறு ஆட்களாகிவிடுவீர்கள்.

நான் நிஃப் எடுக்கும்போது இனிஷியலோடு கையெழுத்திட்ட பழைய தாள் ஒன்றைக் கொடுத்துவிட்டேன். பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் முழுதாக விரிந்திருந்தது. அதைச் சரிசெய்ய நான்கு மாதம் அலைந்தேன். கிளம்புவதற்கு முன்பே பாஸ்போர்ட்டில் இரண்டு இடங்களையும் நிரப்பிப் புதுப்பித்துவிடுங்கள். திருமணச் சான்று, பிறப்புச் சான்று, காவல்துறைச் சான்று மூன்றிலும் அதே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும். அதன் பிறகு அவற்றுக்கு அப்போஸ்டில் முத்திரை, அதாவது நம் சான்றுகளை வெளிநாட்டிலும் செல்லுபடியாக்கும் அரசு முத்திரை வாங்குங்கள். முத்திரை குத்திய பிறகு எழுத்துப் பிழையைக் கண்டுபிடித்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் நான் போய் நிலைத்துக்கொண்டு, பிறகு மனைவி பிள்ளைகளை அழைத்துக்கொள்ளலாமா?

முன்பு அப்படிச் செய்தவர்கள் நிறைய. 2025 அக்டோபரில் வந்த புதிய சட்டம், பிறகு குடும்பத்தை அழைப்பதற்குப் பொதுவாக இரண்டு ஆண்டு வதிவிடம் வேண்டும் என்று ஆக்கிவிட்டது. சிறு பிள்ளைகள் இருப்பவர்களுக்குச் சில விலக்குகள் உண்டு. ஆனாலும் பிரிந்திருந்து காத்திருப்பதைவிட, எல்லோரும் சேர்ந்தே விண்ணப்பிப்பது மேல். அரசுப் பள்ளி இலவசம், பாடமெல்லாம் போர்ச்சுகீசியத்தில். மொழி தெரியாத பிள்ளைகளுக்குத் தனி மொழி வகுப்பு உண்டு. பத்து வயதுக்குள் வந்த பிள்ளைகள் ஓராண்டில் பேசிவிடுகிறார்கள், பதினைந்து வயதில் வந்தவர்கள் படும் பாட்டைப் பார்த்தால் மனது வலிக்கிறது. பிள்ளை பத்தாம் வகுப்பில் இருந்தால் தயவுசெய்து அவர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

விசா கையில் வந்துவிட்டால் எல்லாம் முடிந்ததுதானே?

பாதி முடிந்தது. அந்த விசா 120 நாளுக்குத்தான். அதற்குள் வந்து, குடியேற்ற அமைப்பான ஐமாவில் கைரேகை கொடுத்து வதிவிட அட்டை பெற வேண்டும். முதல் அட்டை இரண்டு ஆண்டு, புதுப்பித்தால் மூன்று ஆண்டு. 2023 அக்டோபரில் பழைய துறை கலைக்கப்பட்டு ஐமா வந்தபோது தேங்கிக் கிடந்த விண்ணப்பங்கள் ஏறக்குறைய 4 லட்சம் என்று அரசே சொன்னது. அட்டைக்காக மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். முதல் ஆண்டில் தங்கை கல்யாணம், கிரகப்பிரவேசம் என்று எந்தத் தேதிக்கும் வருவதாக வாக்குக் கொடுக்காதீர்கள்.

குளிர் தாங்க முடியுமா? ஐரோப்பாவிலேயே வெயில் அதிகம் உள்ள ஊர் என்கிறார்களே?

வெளியே தாங்கலாம், வீட்டுக்குள்தான் கஷ்டம். ஜனவரியில்கூடப் பகலில் 14, 15 டிகிரி இருக்கும். ஆனால் பழைய வீடுகளில் வெப்பமூட்டும் குழாய் கிடையாது. ஈரம் சுவருக்குள் இறங்கிவிடும். எங்கள் முதல் குளிர்காலத்தில் துவைத்த துண்டு நான்கு நாளாகியும் காயவில்லை. அலமாரியை நகர்த்திப் பார்த்தால் பின்சுவரில் மிளகு தூவியது போலக் கறுப்புப் பூஞ்சைப் புள்ளிகள். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று வாங்கினோம். காலையில் அதன் தொட்டியைக் கழற்றினால் இரண்டு லிட்டர் தண்ணீர் நிற்கும். அத்தனையும் இரவு முழுக்க நாங்கள் மூச்சில் இழுத்த ஈரம்.

வீடு பார்க்கும்போது சன்னல் எந்தத் திசை பார்க்கிறது என்று கேளுங்கள். தெற்கு பார்த்த வீடு என்றால் குளிர்காலத்திலும் வெயில் உள்ளே வரும். புதிதாக வெள்ளையடித்த ஒற்றைச் சுவரைக் கண்டால் கை வைத்துப் பாருங்கள்.

ஆங்கிலம் போதுமா? போர்ச்சுகீசியம் கற்றே ஆக வேண்டுமா?

லிஸ்பன் கடைகளில் ஆங்கிலம் போதும். அரசு அலுவலகம், மருத்துவமனை, மாடிப் பாட்டி ஆகியோரிடம் போதாது. நிரந்தர வதிவிடத்துக்கும் குடியுரிமைக்கும் ஏ2 எனப்படும் அடிப்படை நிலை மொழித் தேர்வு உண்டு.

ஆனால் நமக்கு ஒரு சின்ன உறவு இருக்கிறது. வீடு பார்க்கப் போன முதல் நாள் உரிமையாளர் அம்மா ஒவ்வொன்றாகக் காட்டினார்: ஜனேலா, மேசா, அர்மாரியு. கடைசியில் கையில் ஷாவெ-யைக் கொடுத்தார். ஜன்னல், மேசை, அலமாரி, சாவி. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இவர்கள் கப்பலில் நம் கரைக்குக் கொண்டுவந்த சொற்களை நாம் இன்னும் வீட்டுக்குள் வைத்திருக்கிறோம் என்று சொன்னதும் அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. அன்று தொடங்கிய பேச்சில்தான் நான் மொழியைக் கற்றேன். எழுத்தைப் பார்த்தால் எளிது போலத் தோன்றும். பேசும்போது உயிரெழுத்துகளை விழுங்கிவிடுவார்கள். கிளம்புவதற்கு ஆறு மாதம் முன்பே காதைப் பழக்குங்கள்.

நம் சாப்பாடு, நம் ஆட்கள் கிடைப்பார்களா?

அரிசியும் கொத்தமல்லித் தழையும் இவர்களே தினமும் சாப்பிடுகிறார்கள். மார்த்தீம் மொனீஸ் பகுதியில் வங்கதேசத்தவர் கடைகளில் கறிவேப்பிலை, உளுந்து, புளி எல்லாம் கிடைக்கும். ஆனால் தமிழர்கள் மிகக் குறைவு. இங்கே உள்ள பெரிய இந்து சமூகம் மொசாம்பிக் வழியே வந்த குஜராத்திகள். லிஸ்பனில் அவர்கள் கட்டிய ராதாகிருஷ்ணர் கோயில்தான் தீபாவளிக்கு நாங்கள் போகும் இடம். பாரிஸ், லண்டன் போலத் தமிழ்த் தெரு ஒன்றை எதிர்பார்த்து வராதீர்கள்.

உடம்புக்கு முடியவில்லை என்றால்?

வதிவிட அட்டை வந்ததும் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் பதிந்து நோயாளி எண் வாங்கிக்கொண்டால் அரசு மருத்துவம் ஏறக்குறைய இலவசம். ஆனால் குடும்ப மருத்துவர் ஒதுக்கப்படாதவர்கள் நாட்டில் 15 லட்சத்துக்கும் மேல். சிறப்பு மருத்துவரைப் பார்க்கப் பல மாதம் ஆகலாம். அதனால் தனியார் காப்பீடும் வைத்திருக்கிறோம். 65 வயதைத் தாண்டியவர்களுக்குத் தனியார் காப்பீடு கிடைப்பது கடினம், கிடைத்தாலும் பழைய நோய்களைச் சேர்க்கமாட்டார்கள். சர்க்கரை, இதய நோய் உள்ள பெற்றோரை அழைத்துவர நினைப்பவர்கள் இதை முதலில் விசாரியுங்கள். அவசரத்துக்கு 112.

சென்னைக் கம்பெனி வேலையை அப்படியே அங்கிருந்து செய்யலாமா?

டி8-க்குக் கம்பெனி கடிதம் வேண்டும். போர்ச்சுகலிலிருந்து வேலை செய்ய அனுமதிக்கிறோம் என்று அதில் தெளிவாக இருக்க வேண்டும். பல கம்பெனிகள் தங்களுக்கு அங்கே வரிச் சிக்கல் வரும் என்று மறுக்கின்றன. மேலாளர் வாய்மொழியாகச் சரி என்றால் போதாது, மனிதவளத் துறையிடம் எழுத்தில் வாங்குங்கள். இந்தியாவுக்கும் போர்ச்சுகலுக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2017 மே முதல் நடைமுறையில் இருக்கிறது. கம்பெனியே உங்களை இங்கே அனுப்பினால், வருங்கால வைப்பு நிதி அலுவலகத்தின் சான்று வாங்கி இரண்டு இடத்தில் பணம் கட்டுவதைத் தவிர்க்கலாம்.

என்னைப் போலத் தனியாகத் தொழில் செய்பவர்கள் இங்கே பதிந்துகொண்டு ரசீது போட வேண்டும். முதல் 12 மாதம் சமூகப் பாதுகாப்புப் பணம் இல்லை. அதன் பிறகு வருமானத்தில் 70 சதவீதத்தின் மீது 21.4 சதவீதம். நூறு யூரோ வந்தால் ஏறக்குறைய பதினைந்து யூரோ போய்விடும். நேரமும் ஒரு விஷயம். குளிர்காலத்தில் இந்தியா ஐந்தரை மணி நேரம் முன்னே, கோடையில் நாலரை. சென்னையில் காலை 9 மணிக் கூட்டம் என்றால் இங்கே குளிர்காலத்தில் விடியற்காலை மூன்றரை.

இந்தியாவிலிருந்து மாதாமாதம் பணம் எப்படிக் கொண்டுவருவது? 20 சதவீதம் பிடித்துக்கொள்வார்களாமே?

அது இந்தியாவில் வசிப்பவராக இருந்து அனுப்பும்போது, ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் போகும் தொகைக்கு. நீங்கள் குடியேறிய பிறகு வெளிநாடு வாழ் இந்தியர். சாதாரண சேமிப்புக் கணக்கை, வெளிநாடு வாழ் இந்தியர் தம் இந்திய வருமானத்தைப் போட்டுவைக்கும் என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். அதிலிருந்து, வரி கட்டிய பணத்தை ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம். பழைய கணக்கை மாற்றாமல் வைத்திருப்பது சட்ட மீறல். என்ஆர்ஓ வட்டிக்கு 30 சதவீத வரியை வங்கி முதலிலேயே பிடித்துவிடும். உங்கள் வீட்டில் குடியிருப்பவரும் வாடகையில் அதே விகிதத்தில் வரி பிடித்துக் கட்ட வேண்டும். குடித்தனக்காரருக்கு இதை விளக்கிச் சம்மதிக்க வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

அப்படியானால் இரண்டு நாட்டிலும் வரி கட்ட வேண்டுமா?

இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. எந்த வருமானம் என்பதைப் பொறுத்து விடை மாறும். இந்தியாவில் உள்ள வீட்டின் வாடகைக்கு இந்தியா வரி விதிக்கும். போர்ச்சுகலிலும் அதைக் காட்ட வேண்டும், இந்தியாவில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வார்கள். தனியார் நிறுவன ஓய்வூதியத்துக்கு வசிக்கும் நாடான போர்ச்சுகல் வரி விதிக்கும். அரசு ஓய்வூதியம் என்றால் வரி இந்தியாவில்தான். ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும் வங்கி மேலாளருக்கும் ஒரே விடை இல்லை என்பது இதனால்தான். இங்கே வட்டிக்கும் ஈவுத்தொகைக்கும் 28 சதவீதம். மற்ற வருமானத்துக்கு 12.5-இல் தொடங்கி 48 வரை ஏறும். கணக்குக் கொடுப்பது ஏப்ரல் முதல் ஜூன் வரை.

பத்தாண்டு வரிச்சலுகை உண்டு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2009-இல் வந்த அந்தத் திட்டம் 2023 முடிவோடு புதியவர்களுக்கு நின்றுவிட்டது. அதன் இடத்தில் வந்தது ஆராய்ச்சி, உயர்தொழில்நுட்பம் போன்ற சில வேலைகளுக்கானது, ஓய்வூதியக்காரருக்கு இல்லை.

பிபிஎஃப் வட்டிக்கும் நெல் வருமானத்துக்கும் வரி கிடையாதே. அவற்றைக் காட்டாமல் விடலாமா?

அந்த விலக்குகள் இந்தியச் சட்டத்தில் உள்ளவை. போர்ச்சுகல் உலக வருமானம் முழுவதையும் கேட்கிறது. தஞ்சாவூரில் வரியில்லாத நெல் வருமானத்துக்கு இங்கே வரி வரலாம். இந்தியாவில் ஒன்றும் கட்டாததால், முந்தைய பதிலில் சொன்ன கழிவும் இருக்காது. நிலம் வைத்திருப்பவர்கள் கிளம்பும் முன் இரண்டு நாட்டுச் சட்டமும் தெரிந்த கணக்காளரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். பிபிஎஃப் கணக்கை முதிர்வு வரை தொடரலாம், அதற்குமேல் நீட்டிக்க முடியாது.

ஆண்டுக்கு 183 நாளுக்குக் குறைவாக அங்கே இருந்தால் வரியே இல்லை என்று ஒருவர் சொன்னாரே?

பாதி உண்மை ஆபத்தானது. நிரந்தரமாகக் குடியிருக்கும் எண்ணத்தோடு வீடு வைத்திருந்தால், 183 நாளுக்குக் குறைவாக இருந்தாலும் வரிக் கணக்கில் நீங்கள் போர்ச்சுகல்வாசியே. டி7 வாங்க நீங்கள் காட்டிய ஓராண்டு ஒப்பந்தமே அதற்குச் சாட்சி. இன்னொரு பக்கம், அட்டை செல்லும் காலத்தில் தொடர்ந்து ஆறு மாதமோ, விட்டுவிட்டு எட்டு மாதமோ வெளியே இருந்தால் அட்டையை ரத்து செய்யலாம். வதிவிடம் வேண்டும், வரி வேண்டாம் என்றால் இரண்டும் ஒரே கையில் நிற்காது.

எத்தனை ஆண்டில் போர்ச்சுகல் பாஸ்போர்ட் கிடைக்கும்?

நாங்கள் வந்தபோது ஐந்து ஆண்டு. 2025 அக்டோபரில் நாடாளுமன்றம் நம்மைப் போன்ற நாட்டவருக்குப் பத்து ஆண்டாக உயர்த்த வாக்களித்தது. பத்து என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. போர்ச்சுகல் குடியுரிமை கிடைத்ததும் இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்து, வெளிநாட்டுக் குடிமக்களாகிவிட்ட இந்தியர்களுக்கான ஓசிஐ அட்டை வாங்க வேண்டும். ஓசிஐ இருந்தால் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது. பாஸ்போர்ட்டுக்காக மட்டும் வருபவர்களுக்கு இந்த ஊர் நீண்ட காத்திருப்பு.

ஓராண்டு இருந்து பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் திரும்பிவிடலாமா?

திரும்பலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. என்னோடு வந்த ஒரு குடும்பம் பதினான்கு மாதத்தில் கோவைக்குத் திரும்பியது. இப்போது மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். ஆனால் கதவைப் பூட்டிவிட்டு விமானம் ஏறிவிடாதீர்கள். வரித்துறையில் முகவரியை இந்திய முகவரியாக மாற்றாவிட்டால், அவர்கள் ஏட்டில் நீங்கள் இங்கேயே வசித்துக்கொண்டிருப்பீர்கள், வரிக் கணக்கும் எதிர்பார்ப்பார்கள். ஓராண்டோ அதற்கு மேலோ உள்ள வாடகை ஒப்பந்தத்தில் மூன்றில் ஒரு பங்கு காலம் கடந்த பிறகே நீங்களாக விலக முடியும், அதற்கும் 120 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். அந்தக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். பிணைத்தொகை திரும்பி வரும்வரை போர்ச்சுகல் வங்கிக் கணக்கையும் மூடாதீர்கள்.